டிரைவரில் எழுதி வைத்த ரிங் அளவைக் கம்பைல் செய்யாமல் மாற்ற வழி?

சிப்புட்_வயர்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். கேட், எடைமேடை கேமரா எல்லாம் ஒரே லினக்ஸ் பெட்டிக்குத்தான் வருகின்றன. மத்தியானம் பழ லாரிகள் வரிசை கட்டும்போது அசைவு கூடிக் கேமரா அனுப்பும் டேட்டாவும் கூடுகிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது, நம்பர் பிளேட்டே தெரியவில்லை, அப்புறம் எடைச் சீட்டில் தகராறு. நெட்வொர்க் கார்டின் டிரைவர் கர்னலோடு வந்ததல்ல, விற்றவர்கள் கொடுத்த சோர்ஸ். ஆர்எக்ஸ் ரிங் (வரும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் மெமரி வரிசை) 128, போல் வெயிட் 64, இன்டரப்ட் தாமதம் (பாக்கெட் வந்ததைச் சிபியுவுக்குச் சொல்லக் கார்டு காத்திருக்கும் நேரம்) என்று எல்லாவற்றையும் டிஃபைனில், அதாவது சோர்ஸிலேயே மாறாத எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றையும் மாட்யூல் பாராமீட்டர் (டிரைவருக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) ஆக்கிவிட்டால் போதுமா?

ஈப்போ_கர்னல்:
வேண்டாம் தம்பி. மாட்யூல் பாராமீட்டர் அந்த டிரைவரில் ஓடும் எல்லா கார்டுக்கும் சேர்த்துப் பொருந்தும், அதோடு பெரும்பாலும் லோடு ஆகும்போது மட்டும்தான் படிக்கப்படும், அதனால் மாட்யூலைக் கழற்றி மாட்டும் தொல்லை அப்படியேதான் இருக்கும். நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்களும் இதை ஏற்பதில்லை. ரிங் அளவுக்கும் இன்டரப்ட் தாமதத்துக்கும் ஈத்டூல் (கார்டின் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உள்ள கட்டளை) இருக்கிறது. அதற்கான செட்_ரிங்பாராம் (ரிங் அளவு), செட்_கோயலஸ் (இன்டரப்ட் தாமதம்) ஃபங்ஷன் இரண்டையும் டிரைவரில் எழுதினால் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக, ஓடும்போதே மாற்றலாம். கர்னல் 5.7-க்குப் பிறகு கோயலஸில் எந்தெந்த அமைப்பை ஆதரிக்கிறாய் என்று டிரைவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதை விட்டுவிடாதே.

வெயிட் 64-ஐத் தொடாதே. அது நாப்பி (கர்னல் பாக்கெட்டுகளைக் கூட்டமாக எடுக்கும் முறை) ஒரு சுற்றில் எடுக்கும் பாக்கெட் வரம்பு, ஒரு கார்டே சிபியுவை விழுங்காமல் இருக்கத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லா கார்டுக்கும் சேர்த்த வரம்பு நெட்தேவ்_பட்ஜெட், வழக்கமாக 300. அதை சிஸ்சிடிஎல் கட்டளையில் மாற்றலாம், டிரைவரில் கை வைக்கவே தேவையில்லை.

தாப்பா_பிஎஸ்டி:
ஃப்ரீபிஎஸ்டியில் (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஒரு சுற்றின் வரம்பையே வெளியிலிருந்து மாற்ற விட்டிருந்தார்கள். இன்டெல் கார்டுக்கான பழைய ஐஜிபி டிரைவரில் ஆர்எக்ஸ்_பிராசஸ்_லிமிட் என்று ஒன்று, இயல்பாக 100, -1 கொடுத்தால் வரம்பே இல்லை. ஆனால் எதையும் மாற்றும் முன் பாக்கெட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஈத்டூல் -எஸ் காட்டும் எண்களில் கார்டே தவறவிட்டது ஏறினால் ரிங் போதவில்லை. கர்னல் காட்டும் சாப்ட்நெட்_ஸ்டாட் கோப்பில் மூன்றாவது நிரல் ஏறினால் வேலை முடியும் முன்பே பட்ஜெட்டோ நேரமோ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வரி ஒரு சிபியு, எண்கள் ஹெக்ஸில் இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. ரிங்கைப் பெரிதாக்குவது லாரி நிறுத்த முற்றத்தை அகலமாக்குவது போலத்தான், எடைமேடை வேகமாகிவிடாது.

சிப்புட்_வயர்:
பார்த்தேன் அண்ணே. மூன்றாவது நிரல் அசையவில்லை, கார்டு தவறவிட்டதுதான் லாரி நேரத்தில் ஏறுகிறது. அப்போ ரிங்தான். செட்_ரிங்பாராமில் பழைய ரிங்கை விடுவித்துவிட்டுப் புதிது ஒதுக்கலாமா?

ஈப்போ_கர்னல்:
கூடவே கூடாது. இந்த இடத்தில்தான் நிறைய டிரைவர்கள் சொதப்புகின்றன. முதலில் புது ரிங்குக்கு மெமரி எடு. கிடைக்கவில்லையா, ஈநோமெம் (மெமரி இல்லை என்ற பிழை) திருப்பிவிட்டு வந்துவிடு, பழையது பாட்டுக்கு ஓடட்டும். கிடைத்த பிறகுதான் நாப்பியை நிறுத்தி, கார்டை நிறுத்தி, ரிங்கை மாற்றி, மறுபடி கிளப்பி, கடைசியில் பழையதை விடுவி. முதலிலேயே விடுவித்து மெமரியும் கிடைக்காமல் போனால் கார்டு செத்துவிடும், இரவு நேரமாக இருந்தால் ஆலைக்கு ஆள் போக வேண்டும். அந்த ஒரு மாற்றத்தை ஒழுங்காகச் செய்வதுதான் முழு வேலையும், மற்றதெல்லாம் சில வரிகள்.

ரிங் அளவுகளைத் தெரிவிக்கும் கெட்_ரிங்பாராமில் அதிகபட்சத்தைச் சரியாகச் சொன்னால் அதைத் தாண்டிய எண்ணைக் கர்னலே தடுத்துவிடும். கார்டு 256, 512 மாதிரி இரண்டின் அடுக்கு மட்டும் ஏற்கும் என்றால் அதை நீதான் பார்க்க வேண்டும். புது அளவை டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்டில் வைத்துக்கொள், இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்ததும் 128-க்கே திரும்பிவிடும்.

தாப்பா_பிஎஸ்டி:
ரீபூட்டில் ஈத்டூல் அமைப்பு போய்விடும். சிஸ்டம்டி (பெட்டியைக் கிளப்பிச் சேவைகளை ஓட்டும் மென்பொருள்) இருந்தால் அதன் லிங்க் கோப்பில் ஆர்எக்ஸ்பஃபர்சைஸ் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். முதலில் 512 வைத்து ஒரு லாரி நேரம் முழுக்கப் பாருங்கள், எண் இன்னும் ஏறினால் மட்டும் 1024.