பெல்ட் ஃபீட் துப்பாக்கியைச் சொந்த சேகரிப்பில் சேர்ப்பது பற்றி ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

காபிக்காட்டுக்காரன், ஏற்காடு

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு இங்கே சின்னக் காபித் தோட்டம், நடுவில் மிளகு. அப்பா பெயரில் லைசென்ஸோடு தாத்தா காலத்து இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதைச் சுட்டு வருஷக்கணக்காகிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய்த் துணியால் துடைத்து உள்ளே வைக்காமல் அப்பா சாப்பிட உட்கார மாட்டார். அவருக்கு இப்போது 78 வயது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவது நான்தான்.

என் தம்பி டெக்ஸாஸில் இருக்கிறான், கிரீன் கார்டு வந்துவிட்டது, கையில் நாலைந்து துப்பாக்கி வைத்திருக்கிறான். இப்போது பிரவுனிங் 1919ஏ4 ஒன்று வாங்கப் போகிறேன் என்று போட்டோ அனுப்பினான். தோட்டா கோத்த நீளப் பெல்ட்டை இழுத்துச் சுடுகிற (பெல்ட் ஃபீட்) பழைய மெஷின் கன் அது, இவன் பார்த்தது விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் போகிற மாதிரி செமி ஆட்டோவாகச் செய்தது. முக்காலி, துணி பெல்ட், தகரப் பெட்டி எல்லாம் சேர்த்து. ராத்திரியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாங்கலாமா? அதே மாதிரி சுடாத ஒன்றையாவது இங்கே அப்பா அறையில் வைக்க வழி இருக்கிறதா?

ஓமலூர் ஹவில்தார்

தம்பி, பட்டாளத்தில் எம்எம்ஜி (மீடியம் மெஷின் கன்) பிரிவில் இருந்தவன் நான். எங்களிடம் இருந்தது பிரவுனிங் இல்லை, மேக் என்கிற மெஷின் கன். ஆனால் பெல்ட் என்றால் எல்லாம் ஒரே குணம்தான். ஒருத்தன் சுடுவான், பக்கத்தில் ஒருத்தன் பெல்ட்டைக் கையில் ஏந்தி நேராக உள்ளே விடுவான். பெல்ட் கொஞ்சம் தொங்கினாலும் முறுக்கினாலும் நின்றுவிடும். தனியாள் வைத்து விளையாடுகிற சாமான் இல்லை.

உங்கள் தம்பிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மேக்கில் குழல் சூடானால் கழற்றி வேறு மாட்டுவது சில நொடி வேலை. 1919இல் அப்படி முடியாது, அதோடு ஹெட்ஸ்பேஸ், அதாவது குழலில் உட்கார்ந்த தோட்டாவுக்கும் அதைப் பின்னால் அடைக்கிற போல்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, கையால் வைக்க வேண்டும். குழலைத் திருகி, ஒவ்வொரு க்ளிக்காக எண்ணி, அந்த இடைவெளியை அளக்கிற கேஜ் போட்டுப் பார்த்த பிறகுதான் முதல் ரவுண்டு (தோட்டா). அது தளர்வாக இருந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்து சூடான வாயு பின்பக்கம் வரும், முகம் இருக்கிற பக்கம். விற்கிறவன் “எல்லாம் சரி பார்த்தாச்சு” என்று சொன்னாலும் சொந்தக் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவனைப் பார்த்ததில்லை என்றாலும் என் பையனுக்குச் சொல்வது மாதிரிதான் சொல்கிறேன்.

லைசென்ஸ் பிரிவில் இருந்தவன், அஸ்தம்பட்டி

இங்கே வைக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில். முடியாது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கிற எதுவும் 1959 ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம், அதற்குக் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பமே இல்லை, மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். செமி ஆட்டோ என்று சொல்லித் தப்பவும் முடியாது, 2016 விதிகளில் அந்த மாதிரி ரைஃபிளும் தடைப்பட்டியலில்தான் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 வருடத்துக்குக் குறையாமல் 14 வருடம் வரை. சுடாதது என்றாலும், பழுது பார்த்தால் சுடும் என்கிற நிலையில் இருந்தால் அது துப்பாக்கிதான். உதிரி பாகமாகப் பார்சலில் அனுப்புகிறேன் என்று தம்பி சொன்னால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தர விதி இருக்கிறது. அப்பாவுக்கு 78. அவர் காலத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, அண்ணன் தம்பிகள் எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துக்கு அலைந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு மொத்தம் 2 துப்பாக்கிதான், வாரிசாக வருவதும் அந்தக் கணக்கில் சேரும்.

ஹூஸ்டனில் சேலத்துப் பையன்

கிரீன் கார்டு என்பதால் தம்பிக்குப் பிரச்சினை இல்லை. எச்1பி வேலை விசாவில் இருக்கிற நம் பையன்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம்.

நிஜ மெஷின் கன் என்றால் இங்கே 1986 மே 19க்கு முன் அரசிடம் பதிவானது மட்டும்தான் தனியாளுக்குக் கிடைக்கும், புதிதாக ஒன்றுகூடச் சேராததால் விலை பல பத்தாயிரம் டாலர், மேலே 1934லிருந்து மாறாத 200 டாலர் வரி. செமி ஆட்டோ 1919க்கு அந்தப் பதிவு வேண்டாம், சாதாரண ரைஃபிள் மாதிரி வாங்கலாம், ஆனால் சில மாநிலங்களில் அதுவும் கிடையாது. டெக்ஸாஸில் பரவாயில்லை.

நான் ஒரு வருஷம் வைத்திருந்து விற்றுவிட்டேன். துப்பாக்கியே 14 கிலோ, முக்காலி வேறு 6 கிலோ சொச்சம். துணி பெல்ட்டில் 250 ரவுண்டையும் கையால் செருக ஒரு சாயங்காலம் போய்விடும், மழைக்காலத்தில் துணி இறுகிக்கொண்டு இழுக்காது. அதற்குப் போடுகிற .30-06 தோட்டா ஒரு ரவுண்டு ஒரு டாலர் வாக்கில், ஆக ஒரு பெல்ட் காலியானால் அந்த வாரச் சம்பளத்தில் துண்டு விழும். 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றிய துப்பாக்கியும், துணிக்குப் பதில் ரவுண்டுகளைக் கோக்கிற இரும்பு லிங்க்கும் கிடைத்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், சுடப் போகிற எல்லா ரேஞ்சிலும் (பயிற்சித் தளத்திலும்) பெல்ட் ஃபீடை விட மாட்டார்கள். வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

காபிக்காட்டுக்காரன், ஏற்காடு

ஹவில்தார் ஐயா சொன்னதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். கேஜ் என்ற ஒன்று வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை, வாங்குவதைத் தள்ளிப்போட்டிருக்கிறான்.

இங்கே கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிட்டேன். லைசென்ஸ் மாற்றுவதை அப்பாவிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றுதான் பயந்தேன், அவர் பெட்டியைத் திறந்து தாத்தா பெயர் இருக்கிற பழைய லைசென்ஸ் புத்தகத்தையே எடுத்து வைத்துவிட்டார். திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மலையிறங்குகிறேன். அஸ்தம்பட்டி அண்ணா, எந்தெந்த நகல் எடுத்து வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.