கல்வெட்டியல் பயிற்சி நூல்: முன்மொழிவுக்கு உங்கள் யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. இளங்கலை வரலாறு மாணவர்களுக்குக் கல்வெட்டியலில் ஒரு பயிற்சி நூல் எழுத ஆசை. பதிப்பகம் ஒன்று முதலில் முன்மொழிவு கேட்கிறது: நூலின் தேவை, யாருக்கானது, இயல் பட்டியல், மாதிரி இயல் ஒன்று, ஏற்கெனவே உள்ள நூல்களிலிருந்து வேறுபாடு.

தேவையை எழுதுவது சுலபம். பிள்ளைகள் உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் குடவோலை முறை, முதலாம் பராந்தகன், கி.பி. 919, 921 என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே கல்வெட்டின் மசிப்படியை (கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி) கையில் கொடுத்தால் ஒரு வரி படிக்கத் தெரியாது. அதனால் எழுத்திலிருந்தே தொடங்குகிறேன்: மாங்குளம் கல்வெட்டுகளின் தமிழி (தமிழ் பிராமி), பிறகு பழைய வட்டெழுத்து, சோழர் காலத் தமிழ், வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்தம். ஒவ்வொன்றுக்கும் படம், எழுத்துப் பெயர்ப்பு, மாணவரே நிரப்ப வெற்றிடம். உத்திரமேரூரே மாதிரி இயல்.

சிக்கல் படங்களில்தான். 1890 முதல் வெளிவரும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ நூல் தொகுதிகளில் பழையவற்றுக்கு 60 ஆண்டுப் பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டது. ஆனால் புதிய மசிப்படிகளை அச்சிட இந்தியத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விண்ணப்பத்தில் என்னென்ன கேட்டார்கள், எவ்வளவு காலம் ஆனது? அனுமதி கைக்கு வரும் முன்பே முன்மொழிவை அனுப்பலாமா?

அப்புறம், கல்வெட்டியல் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் ஒரு பருவத்தில் எத்தனை கல்வெட்டுகளை உண்மையிலேயே முடிக்க முடிகிறது என்று சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் இருப்பதைக் கேட்கவில்லை. வகுப்பில் நடப்பதைக் கேட்கிறேன். மாதிரி இயலைப் படித்துக் குறை சொல்ல விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதினால் அனுப்பி வைக்கிறேன்.