டி.ஆர். ஹார்ட்டன் இவ்வளவு பெரிதானது எப்படி?

கேள்வி: 1978-ல் டெக்சாஸில் தொடங்கிய இந்த வீடு கட்டும் கம்பெனி, 2002 முதல் விற்கும் வீடுகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவிலேயே முதலிடம். மதுரை ஒத்தக்கடையில் நாலு மனை வாங்கிப் போட்டாலே நம் முதல் முடங்கிவிடுகிறதே?

பதில் 1: 1992-ல் பங்குச்சந்தைக்கு வந்தார்கள், பிறகு ஊர் ஊராக உள்ளூர் பில்டர்களை வாங்கினார்கள். ஆனால் சூட்சுமம் நிலம்தான். முன்பணம் கொடுத்து மனைகளைப் பிடித்து வைத்து, கட்டும் வேகத்துக்கேற்பக் கிரையம் செய்வார்கள். சந்தை விழுந்தால் பெரும்பாலும் முன்பணத்தோடு நஷ்டம் நிற்கும். 2017-ல் மனை உருவாக்கும் ஃபாரஸ்டாரில் 75 சதவீதம் வாங்கியதும் இதற்கே.

பதில் 2: திருமங்கலம் பக்கமும் செய்யலாம் அண்ணே. நிலக்காரரோடு போடும் முன்பண அக்ரிமெண்டைக் கட்டாயம் பதியுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் வராது, விலை ஏறியதும் வேறு ஆளுக்குக் கிரையமாகிவிடும். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் தாமதமானால் கெடு நீளும் என்றும் எழுதுங்கள்.

பதில் 3: ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) கீழ் பதிந்த திட்டத்தில் வாங்குபவர் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதை அடுத்த நிலத்துக்கு முன்பணமாகத் திருப்பக் கூடாது.