துப்பறியும் நாவலுக்கு ஆண்டுப் பரிசு: எந்த முறையைப் பின்பற்றலாம்?

வலிகாமம் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் அதிகமாக இரவல் போகின்றவை துப்பறியும் நாவல்களே. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ்நாட்டு எழுத்தாளர்களுடையவை. காணி உறுதி, வெளிநாட்டுக் காசு, ஆண்டுக்கணக்கில் தவணை போடப்படும் வழக்கு என எங்கள் வாழ்க்கையின் சிக்கல்களுக்குள்ளேயே ஒரு குற்றத்தை வைத்து, அதை எங்கள் பேச்சு வழக்கிலேயே துலக்கிக் காட்டும் நாவலைக் கேட்டு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப் போதிய நூல்கள் இல்லை. வெளிநாடுகளில் வாழும் ஊரவர் சிலர் ஆண்டுதோறும் பரிசுத் தொகை தர முன்வந்திருக்கிறார்கள். வெளிவந்த நூலுக்குப் பரிசு கொடுப்பதா, கையெழுத்துப் பிரதிக்குக் கொடுப்பதா? நடுவர் குழு தெரிவு செய்வதா, வாசகர்கள் வாக்களிப்பதா? பிற நாட்டு விருதுகளை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

நெல்லியடி ஆசிரியை:

தம்பி, நல்ல முயற்சி. ஆங்கில உலகில் பழமையானது எட்கர் விருது. 1945இல் தொடங்கிய அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம், துப்பறியும் கதையின் முன்னோடியான எட்கர் அலன் போவின் பெயரில் அதை மறு ஆண்டிலிருந்து வழங்கி வருகிறது. நாவல்களைப் பொறுத்தவரை அவர்கள் முதலில் பரிசளித்தது முதல் நாவல் எழுதியவர்களுக்குத்தான். சிறந்த நாவல் என்ற பொதுப் பிரிவு 1954இல்தான் சேர்க்கப்பட்டது. பிரித்தானியக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் 1953இல் உருவாகி, 1955இல் வேறொரு பெயரில் தொடங்கிய பரிசை 1960 முதல் தங்கக் குத்துவாள் என்று அழைக்கிறது. வாழ்நாள் பணிக்கான வைரக் குத்துவாள் 1986இல்தான் வந்தது. எட்கர் விருதையும் தங்கக் குத்துவாளையும் தெரிவு செய்பவர்கள் நடுவர்கள். அந்தனி என்ற இன்னொரு குற்றக்கதை விருதை மட்டும் பவுச்சர்கொன் என்னும் ஆண்டு மாநாட்டுக்கு வருகின்றவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள்.

வாசகர் வாக்கு எங்களுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடும் மாநாட்டில் ஓர் எழுத்தாளரின் உறவினரும் ஊரவரும் முடிவை மாற்றிவிட முடியாது. இங்கே ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் சேர்ந்தாலே போதும், முடிவு மாறிவிடும்.

வல்வெட்டித்துறை நூற்பித்தன்:

முதலில் புதியவர்களைத்தான் ஊக்குவிக்க வேண்டும் என்ற விடை ஆசிரியை சொன்ன எட்கர் வரலாற்றிலேயே இருக்கிறது என்றாலும், எங்கள் நிலைக்கு இன்னும் நெருங்கிய முன்மாதிரி யப்பானில் உள்ளது. எடோகவா ரம்போ என்ற எழுத்தாளர் தமது அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டிக் கொடுத்த நன்கொடையைக் கொண்டு, 1955இல் அவர் பெயரிலான பரிசு தொடங்கப்பட்டது. முதல் இரண்டு முறையும் அது இத்துறைக்குத் தொண்டாற்றியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது முறை பெற்றது ஒரு பதிப்பகம். 1957இல் அந்த வழி கைவிடப்பட்டு, அச்சேறாத முழு நாவலுக்கே பரிசு என்று விதி மாற்றப்பட்டது. அந்த ஆண்டு வென்றவர் நிகி எட்சுகோ என்ற பெண். சிறு வயதிலேயே முதுகெலும்பு நோயால் படுக்கையில் விழுந்து, பாடசாலைக்குச் செல்லாமல் வீட்டிலேயே அண்ணனிடம் கல்வி கற்றவர் அவர். எந்தப் பதிப்பாளரின் வாசலுக்கும் போக முடியாத ஒருவரின் பிரதி, பரிசின் வழியாக வெளிவந்து பெருமளவில் விற்பனையானது. பின்னர் யப்பானின் புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியரான கெய்கோ ஹிகாஷினோ 1985இல் எழுத்துலகில் நுழைந்ததும் இதே பரிசின் மூலம்தான்.

வெளிவந்த நூலுக்குத்தான் பரிசு என்று நீங்கள் விதித்தால், தம் காசில் அச்சடித்து வெளியீட்டு விழா நடத்தக்கூடியவர்களுக்குள்ளேயே பரிசு சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே பரிசுத் தொகையின் பெரும் பகுதியை வென்ற பிரதியைச் செம்மைப்படுத்தி அச்சிடுவதற்கு ஒதுக்குங்கள். எழுதியவருக்குக் கையில் கிடைக்கும் பணம் குறைந்தாலும், அவருடைய நூல் எல்லா வாசிகசாலைகளுக்கும் போய்ச் சேர்வதே பெரிது.

ஒஸ்லோவிலிருந்து ஒரு கொக்குவிலான்:

இங்கே வடபுல நாடுகளுக்கான கண்ணாடித் திறவுகோல் விருது 1992 முதல் வழங்கப்படுகிறது. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளும் போட்டிக்குத் தத்தமது நாவலை முன்மொழிகின்றன. யாழ்ப்பாண மாவட்டத்தை விடக் குறைந்த மக்கள் தொகை கொண்ட ஐஸ்லாந்தின் ஆர்னல்டூர் இந்திரிடாசன் 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றார். 2005இல் மொழிபெயர்ப்பின் வழியே தங்கக் குத்துவாளையும் பெற்றார். மறு ஆண்டு பிரித்தானியர் மொழிபெயர்ப்பு நாவல்களுக்கென்று தனிக் குத்துவாளை ஏற்படுத்தி, அதன் பரிசில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு வைத்தார்கள். எழுதப்படும் மொழி சிறியதா பெரியதா என்று நாங்கள் தயங்கத் தேவையில்லை. உங்கள் பரிசையும் வலிகாமத்துக்குள் அடக்கிவிடாமல், மட்டக்களப்பு, மலையகம், வன்னி, புலம்பெயர் நாடுகள் ஆகிய எல்லா இடங்களிலிருந்தும் பிரதிகளை வரவழையுங்கள்.

வலிகாமம் வாசகன்:

ஆசிரியைக்கும் அண்ணன்மாருக்கும் மனமார்ந்த நன்றி. கையெழுத்துப் பிரதி, நடுவர் குழு என்ற இரண்டையும் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் முன்வைக்கிறேன். முழு நாவலையும் கேட்டால் பலர் பின்வாங்கக்கூடும் என்பதால், முதல் சில அத்தியாயங்களும் கதைச் சுருக்கமும் போதும் என்று வைக்கலாமா?

நெல்லியடி ஆசிரியை:

பிரித்தானியர் புதியவர்களுக்கென்று அப்படியும் ஒரு போட்டி நடத்துகிறார்கள். ஆனால் இந்த வகை நாவலின் வெற்றி தோல்வி கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும். தொடக்கத்தில் வைத்த தடயங்கள் எல்லாம் இறுதியில் நேர்மையாகக் கணக்குத் தீர்க்கப்பட்டனவா என்று பாராமல் நடுவர் எவ்வாறு தீர்ப்புச் சொல்வார்? முழுப் பிரதியையே கேளுங்கள், எழுதுவதற்கு ஓர் ஆண்டு கால அவகாசம் கொடுங்கள். பெயரை நீக்கி எண்ணிட்ட பிரதிகளையே நடுவர்களிடம் கொடுக்க வேண்டும். ஒருவராவது யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். தகுதியான பிரதி வராத ஆண்டில் பரிசை நிறுத்தி வைக்கும் உரிமையையும் விதியாகவே எழுதி வையுங்கள். ரம்போ பரிசு எவருக்கும் வழங்கப்படாத ஆண்டுகள் உண்டு. பணம் தருகின்ற ஊரவர்களிடம் இதை முதலிலேயே விளக்கி, அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் பெற்ற பின்பே அறிவித்தலை வெளியிடுங்கள், தம்பி.