'ஜிசேகி நோ நென்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். ஜப்பானிய வகுப்புக்கான மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இந்த ஒரு சொல்லில் இரண்டு நாளாகச் சிக்கி நிற்கிறேன். 'ஜி' என்றால் தான், 'சேகி' பழிப்பது, 'நென்' எண்ணம்; சேர்த்தால், தன்னையே பழித்துக்கொள்ளும் எண்ணம். 'சேகினின்' என்றால் பொறுப்பு; அதிலும் இதே 'சேகி'தான். 'நென்' என்பதை எழுதும் கஞ்சியில் (சீனத்திலிருந்து வந்த எழுத்து) மேலே 'இப்போது', கீழே 'இதயம்' என்ற எழுத்துகள். அழகாக இல்லை?

வெறும் வருத்தம் என்றால் 'கோகாய்' இருக்கிறது, தன் தவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு 'ஹன்செய்'. இது அவற்றைவிடக் கனமானது. 'கராரேரு' என்ற வினை சேர்ந்தால், அந்த எண்ணம் ஆளை விரட்டுகிறது என்று பொருள். அந்த வினையின் கஞ்சிக்குள் 'குதிரை' என்ற எழுத்தே இருக்கிறது!

'குற்றவுணர்வு' அறிக்கை வாசிப்பதுபோல் ஒலிக்கிறது. 'தன்னையே நொந்துகொள்வது' கிட்டத்தட்ட சரி, ஆனால் விரட்டல் இல்லை. உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல் புழங்குகிறது? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.