கேப்டனின் முதுகுக்குப் பின்னால் ஒரு வாசல்: விண்கலக் கட்டுப்பாட்டு அறை வரைபவர்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து

கற்பனை விண்கலங்களின் கட்டுப்பாட்டு அறையை வரைகிற நம் எல்லோருக்கும், படத்தைப் பார்த்து யாரோ ஒருவர் சொன்ன ஒரு சொல் மனதில் தங்கியிருக்கும். எனக்குத் தங்கியதை முதலில் எழுதுகிறேன். அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். பகலில் பழைய வீடுகளை அளந்து தாளில் ஏற்றுவேன். ராத்திரியில் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலம். அப்பச்சி எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஸ்டார் டிரெக் பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லியே எனக்கும் அந்தக் கப்பல் ஒட்டிக்கொண்டது. 1966இல் வந்த முதல் தொடரின் கட்டுப்பாட்டு அறை மாட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்தது. வட்டமான அறை. சுற்றிலும் ஒரு படி உயர்ந்த விளிம்பில் பணியாளர்கள், நடுப்பள்ளத்தில் கேப்டன் நாற்காலி, எதிரே பெரிய திரை. நம்ம ஊர் வீடுகளின் நடுமுற்றமான வளவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது. நடுவில் பள்ளம், சுற்றி உயர்ந்த நடை. வளவு சதுரம், இது வட்டம், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் பழுதுபார்க்க அளவெடுத்துக்கொண்டிருந்தோம். தூண் ஒன்றின் அடி மக்கிப்போயிருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தேக்கு பொருத்த வந்திருந்தார் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆசாரி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தூணில் சாய்ந்திருந்தார். நான் நோட்டை விரித்து, விட்ட இடத்திலிருந்து வரைய ஆரம்பித்தேன்.

"என்ன ஆச்சி வரையுறீக?"

"கப்பலை ஓட்டுற அறை, ஆசாரியாரே. வானத்துல போற கப்பல். கதையில வர்றது."

நோட்டை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். விளக்குகள், பொத்தான்கள், திரை என்று நான் நாலு ராத்திரி உட்கார்ந்து போட்ட எதையும் அவர் கண் தொடவில்லை. நேராக வாசலைத் தேடியது. கண்டுபிடித்ததும் கட்டைவிரல் நகத்தை அங்கே வைத்து, அங்கிருந்து நாற்காலிவரை ஒரு கோடு இழுத்தார்.

"வாசல் இங்கன இருக்கு. முதலாளி முதுகைக் காட்டியில்ல உட்கார்ந்திருக்காரு?"

"அவரு எதிர இருக்குற திரையைப் பார்க்கணும்."

"சரி. ஆளு உள்ள வந்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. காதில் செருகியிருந்த துண்டுப் பென்சிலை எடுத்தார். நான் நாற்காலிக்குப் போட்டிருந்த நாலு காலையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, நடுவில் ஒரு வட்டம் போட்டார். "அப்ப சுத்துறாப்புலதான் இருக்கணும்."

தொடரில் அந்த நாற்காலி சுற்றத்தான் செய்யும். கதவு திறந்தால் கேப்டன் நாற்காலியோடு திரும்புவார். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் வரையும்போது விளக்கிலேயே கண் போய்விட்டது. தொடரை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காத ஒருவர், வாசலும் இருக்கையும் இருக்கும் இடத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் தளப்படம் போட்டு முடிக்காமல் ஒரு விளக்குகூட வரைவதில்லை. யார் எங்கே உட்காருகிறார், யார் முகம் யாருக்குத் தெரியும், எந்த வழியாக ஆள் வருவார் என்பதெல்லாம் முடிவானால்தான் அது அறை.

அதோடு அவர் விடவில்லை. "வாசலை ஏன் கோணலா வச்சிருக்கீக?" என்றார்.

விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். நம் ஆட்கள் வருஷக்கணக்காக அடித்துக்கொள்ளும் கேள்வி இதுதான். கப்பலின் வெளித்தோற்றத்தில், கட்டுப்பாட்டு அறைக்கு நேர் பின்னால் நடுக்கோட்டில் ஒரு சிறு உருளை தெரியும். மின்தூக்கி வந்து நிற்கும் கூண்டு அதுதான் என்று வைத்துக்கொண்டால், உள்ளே வாசல் கேப்டனுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். ஆனால் படப்பிடிப்பு அரங்கில் அது இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. விமானத் துறையில் வடிவமைப்பாளராக இருந்த ஃபிரான்ஸ் ஜோசப், 1975இல் கப்பலின் முழு வரைபடத்தையும் 12 தாள்களாக வெளியிட்டார். மகளுக்குத் தொடர்மேல் இருந்த ஆர்வம்தான் அவரை இதில் இழுத்துவிட்டது. உள்ளேயும் வெளியேயும் பொருந்த வேண்டும் என்பதற்காக அறையையே 36 டிகிரி திருப்பி வைத்தார் அவர். அதனால் கப்பல் நேராகப் போகும், கேப்டன் சாய்வாக உட்கார்ந்திருப்பார்.

இதை ஆசாரிக்குப் படம் போட்டு விளக்கினேன். அவர் எழுந்து முகப்பு வாசலுக்குப் போய், உள்பக்கம் பார்த்து நின்றார். வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு, கடைசிக் கதவுக்கு அப்பால் கொல்லையில் இருந்த வேப்பமரம் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தது. "நூல் பிடிச்சு நிக்குது பாருங்க. உங்க வாத்தியாரு நூலுக்காக ஆளைத் திருப்பியிருக்காரு. நானா இருந்தா வாசலைத் திருப்பியிருப்பேன்" என்றார்.

எனக்கு ஃபிரான்ஸ் ஜோசப் செய்ததுதான் பிடிக்கும். அரங்கில் கண்ட வாசலை நகர்த்தாமல், அதற்கேற்ற விலையைக் கொடுத்தார். ஆனால் ஆசாரி சொன்னதையும் என்னால் தள்ள முடியவில்லை.

ஆத்தங்குடியிலிருந்து

அக்கா, எனக்கு 1987இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடர்தான் உயிர். அதில் வரும் கறுப்பு நிறக் கட்டுப்பாட்டுப் பலகை, அதற்குள் ஆரஞ்சும் ஊதாவுமாக ஒளிரும் பட்டைகள் எல்லாம் மைக்கேல் ஒகுடா கைவண்ணம். ரசிகர்கள் அவற்றை ஒகுடாகிராம் என்றே கூப்பிடுகிறோம். கறுப்புப் படலத்தில் வேண்டிய இடத்தை மட்டும் தெளிவாக விட்டு, வண்ணத் தாள் ஒட்டி, பின்னாலிருந்து விளக்குப் போடுவது.

நான் தாளில் வரைந்ததையே அக்ரிலிக் தகட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். தகட்டின் பின்பக்கம் கறுப்பை முதலில் அடித்தேன், அதன்மேல் வண்ணம் வைத்தேன். விளக்கைப் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை. எழுத்தும் இடவலமாகப் போயிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது, எங்கள் தெருவில் டைல்ஸ் போடும் அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

அவர் வேலையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கண்ணாடியை வைத்து, அதன்மேல் சட்டமும் பூ அச்சும் வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையை அறை அறையாக ஊற்றுவார். அச்சை மெல்லத் தூக்குவார். அதற்குமேல் காய்ந்த மணல் சிமெண்டு, அப்புறம் ஈரக் கலவை. காய்ந்து, தண்ணீரில் ஊறி வெளியே வரும்போது கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் மினுமினுக்கும் முகம். சூளையே கிடையாது.

"முகம் கீழ இருக்கு தம்பி. கண்ணுக்கு முதல்ல என்ன படணுமோ அதை முதல்ல ஊத்து. பொதுநிறம் கடைசியா" என்றார்.

அவ்வளவுதான். வண்ணப் பட்டையும் திருப்பி எழுதிய எழுத்தும் முதலில், கறுப்பு கடைசியில், பட்டைகளின் முதுகை மட்டும் விட்டுவிட்டு. இரண்டாவது தகடு ஒளிர்ந்த அன்று அவரைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன்.

தேவகோட்டையிலிருந்து

நான் கல்லூரியில் படிக்கிறேன், சொந்தமாக ஒரு கப்பல் வரைகிறேன். என் அப்பத்தா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "இத்தனை நேரம் உட்கார்ந்திருக்குற பிள்ளைகளுக்குத் தண்ணி எங்க?" எட்டு இருக்கை போட்டிருந்தேன், ஒரு செம்பு வைக்க இடம் இல்லை. இப்போது ஒவ்வோர் இருக்கைக்கும் வலக்கைப் பக்கம் ஒரு குழி இருக்கிறது.

பள்ளத்தூரிலிருந்து

முதல் பதிவுக்கு என் மறுப்பு. வெளியே தெரியும் உருளை மின்தூக்கிக் கூண்டுதான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? அது வேறெதற்காகவும் இருக்கலாம். கேப்டன் கப்பல் போகும் திசையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். 36 டிகிரி திருப்பிய படத்தைப் பார்த்தாலே எனக்குக் கழுத்து வலிக்கிறது. ஆசாரி பக்கம்தான் நான்.

காரைக்குடியிலிருந்து

பள்ளத்தூர் அண்ணனுக்கு: வாருங்கள், ஒருநாள் தாளை விரித்துப் பேசுவோம்.

போன மாதம் ஆசாரி வீட்டுக்குப் போனேன். புதுப்படத்தையும், 1987 தொடரின் அறையையும் காட்டினேன். கேப்டனுக்குப் பின்னால் குதிரை லாடம்போல் வளைந்து போகும் மரக் கைப்பிடிச் சுவரைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விண்கலத்தில் மரமா என்று அவர் கேட்கவே இல்லை. "நம்மகிட்ட குடுத்தா துண்டு துண்டா அறுத்து, வளைவுல சேர்த்து, ஒட்டுத் தெரியாம இழைச்சிருவோம்" என்று விரலால் அந்த வளைவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

அப்புறம் என் நாற்காலிக்கு வந்தார். ஒற்றைக் காலில் சுற்றும்படி போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கேட்டார். காலும் இருக்கையும் சேரும் இடத்தில் மெல்லிசாக ஒரு வளையம் வரைந்தார்.

"இங்கன பித்தளை போடுங்க ஆச்சி. மரத்துல மரம் சுத்துனா தேஞ்சிரும்."