மறுமொழி: மானிட்டரின் ‘ஹெர்ட்ஸ்’ – ‘திரைத்துடிப்பு’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைக் காட்டுகிறது என்ற எண்ணுக்கு (ஆங்கிலத்தில் ‘ரிஃப்ரெஷ் ரேட்’), கணினியின் திரை அமைப்புப் பக்கத்தில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் லேப்டாப் பழுது பார்க்கிறவன். மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறப்பது கடை சாத்திய பிறகுதான். பகலில் இதே அமைப்புப் பக்கத்தை வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து திறந்து காட்டுகிறேன். அங்கே எந்தச் சொல் வேலை செய்கிறது, எது தடுமாற வைக்கிறது என்பதை வைத்தே என் கருத்து.

> ‘புதுப்பிப்பு வீதம்’ ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறது. இருக்கிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஆசிரியர் ஐயா, இருப்பதை மாற்றக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் ‘புதுப்பிப்பு’ கைமாறிப் போய்விட்டது. கைப்பேசியில் ‘மென்பொருள் புதுப்பிப்பு’ என்று வருகிறது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், காப்பீட்டைப் புதுப்பிக்கிறோம். இதற்கு நடுவே ‘புதுப்பிப்பு வீதம்: 60’ என்று ஒரு வரி வந்தால், கணினி எத்தனை நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்று கேட்கிறதோ என்றுதான் எண்ணத் தோன்றும். ‘செயலி’க்கு நடந்தது நமக்குத் தெரியும். கணினியின் மூளைக்கு வைத்த பெயர் அது. கைப்பேசியில் நிறுவுகிற மென்பொருளுக்கும் அதே பெயர் போனபிறகு, பழைய பொருளில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் விளக்கம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘புது’ என்ற பகுதியில் இருக்கிறது. திரை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் காட்டுவதில்லை. பெரும்பாலான நேரம் அதே படத்தையே திரும்பக் காட்டுகிறது. பழைய குழாய்த் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து உடனே மங்கிவிடும். படம் மாறாவிட்டாலும் கற்றை மறுபடி மறுபடி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆங்கிலப் பெயர் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. இன்றைய எல்சிடி திரையில் ஒரு புள்ளி, அடுத்த கட்டளை வரும்வரை தன் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. மங்குவதும் இல்லை, மீட்பதும் இல்லை. ஆனால் கணக்கு மட்டும் அப்படியே தொடர்கிறது: நொடிக்கு இத்தனை முறை.

சினிமாவும் அப்படித்தான் இருந்தது. அகஸ்தியா, மகாராணி தியேட்டர்களில் பிலிம் ஓடிய காலத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள்தான் (ஃபிரேம்கள்). 24 முறை மட்டும் ஒளி வந்து போனால் கண் கூசும், படம் மினுக்கும். அதனால் புரொஜெக்டரின் மூடி ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு முறையோ மூன்று முறையோ திறந்து மூடும். திரையில் ஒளி விழுவது 48 அல்லது 72 முறை, படம் மாறுவது 24 முறை. இரண்டும் வேறு வேறு எண்கள். ஆபரேட்டர் அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சாதாரண விஷயம். நாம் வைக்கப்போகும் சொல் இந்த இரண்டையும் கலக்காமல் பிரித்துக் காட்ட வேண்டும். எனக்கு இதுதான் முதல் நிபந்தனை, மற்றதெல்லாம் பிறகு.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். கடைக்கு வரும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி மானிட்டரையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். 2560 × 1440 பிரிதிறன், 144 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. “கேம்ல 200 காட்டுதுண்ணா, ஆனா ஸ்க்ரீன்ல ஓடுற மாதிரியே இல்ல, இழுக்குது” என்றார். 200 என்பது கிராஃபிக்ஸ் சில்லு நொடிக்கு வரைந்து தள்ளும் சட்டகங்கள். திரை இன்னும் 60-இல்தான் இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய 144 எங்கேயும் வரவில்லை. ஆனால் மூலையில் 200 என்று தெரிவதால் கோளாறு வேறெங்கோ என்று தேடிக்கொண்டிருந்தார்.

வள்ளலார் நகர் பேருந்து நிலையத்தை வைத்துத்தான் அவருக்குச் சொன்னேன். வண்டி நேரத்துக்குக் கிளம்புவது திரையின் கணக்கு. வந்து நிற்கிற ஆட்கள் சட்டகங்கள். ஆள் கூட்டமாக வந்தாலும் வண்டி தன் நேரத்துக்குத்தான் எடுக்கும். ஒருவரும் வராவிட்டாலும் எடுக்கும். அப்போது போனமுறை காட்டிய படமே மறுபடி போகிறது. உடனே பிடித்துக்கொண்டார். அடுத்த கேள்வியே, “அப்போ வண்டியை எப்படி அதிகமா விடுறது?”

அந்தக் கேள்விக்கான பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த அமைப்புப் பக்கத்தின் உதவிக் குறிப்பையும் நாம்தான் தமிழில் எழுதப்போகிறோம்.

முதலில் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். புது மானிட்டரைச் செருகியதும் கணினி பல நேரம் 60-ஐயே எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் திரை அமைப்புகளுக்குள் மேம்பட்ட பகுதிக்குப் போய் நாமே மாற்றினால்தான் உண்டு. லினக்ஸின் மேசைச் சூழல்களான கேடிஈ, க்னோம் இரண்டிலும் திரைப் பக்கத்திலேயே இருக்கிறது. லினக்ஸின் பழைய எக்ஸ் (X11) மேசையில் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையை ஓட்டினால் எல்லா எண்களும் வரிசையாக வரும். இப்போது ஓடுவதன் பக்கத்தில் உடுக்குறி (*) இருக்கும். லேப்டாப் திரையையும் மானிட்டரையும் ஒரே படம் காட்டும்படி வைத்திருந்தால், பெரும்பாலும் இரண்டும் குறைந்த எண்ணுக்கே இறங்கிவிடும். நீட்டித்த திரையாகவோ, மானிட்டர் மட்டும் எரியும்படியோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

பட்டியலிலேயே 144 இல்லை என்றால் வழியில் எங்கோ அடைபடுகிறது. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 2560-ஐ 1440-ஆல் பெருக்கினால் 36,86,400 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 144 முறை. மொத்தம் சுமார் 1,274 கோடி பிட், அதாவது 12.7 கிகாபிட். வரிகளுக்கு இடையே விடும் இடைவெளி நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மானிட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ துளையில், 2009-இல் வந்த 1.4 பதிப்பு உண்மையில் நொடிக்குச் சுமக்கும் படத் தகவல் 8.16 கிகாபிட்தான். 60 ஹெர்ட்ஸுக்கு 5.3 போதும் என்பதால் அது தடையில்லாமல் ஓடுகிறது, 144 பட்டியலுக்கே வருவதில்லை. 2013-இன் எச்டிஎம்ஐ 2.0 என்றால் 14.4, நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் அடங்கும். இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் 17.28, தாராளம்.

தம்பியின் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை பழைய 1.4. மானிட்டரும் கேபிளும் நன்றாகவே இருந்தன. லேப்டாப்பின் டைப்-சி துளை பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறி இருந்தது. டைப்-சி-யிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்றைப் போட்டதும் பட்டியலில் 144 வந்தது. எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பாது, அதையும் குறிப்பில் எழுத வேண்டும். நடுவில் மலிவான ஹப் இருந்தால் அதன் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று பார்க்கச் சொல்ல வேண்டும். 4கே படத்தை 30-க்கு மேல் தாங்காத ஹப்புகள் கடைகளில் நிறைய உண்டு. கேபிள் வாங்கும்போது எச்டிஎம்ஐ 2.0-க்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’, 2.1-க்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்ற முத்திரையைத் தேடச் சொல்லலாம். சில மானிட்டர்களில் அவற்றின் சொந்த மெனுவிலும் இதை உயர்த்திவிட வேண்டியிருக்கும்.

சரி, மறுபடி சொல்லுக்கு வருகிறேன்.

> கடையில் எல்லோரும் ‘ஹெர்ட்ஸ்’ என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே விட்டுவிடலாம்.

வியாசர்பாடித் தோழர் சொல்வது உண்மை. “ஹெர்ட்ஸ் ஏற மாட்டேங்குது” என்றுதான் என் கடையிலும் கேட்கிறேன். பேச்சில் அது இருக்கட்டும், அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஹெர்ட்ஸ் ஓர் அலகு. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நினைவகமும் சில்லும் மெகா, கிகா ஹெர்ட்ஸ், ஒலிக் கோப்பும் ஹெர்ட்ஸ். ‘கிலோ’ என்று மட்டும் எழுதிவிட்டு எடையைக் குறிக்கிறோம் என்றால் அமைப்புப் பக்கத்தில் எடுபடாது. எதன் ஹெர்ட்ஸ் என்பதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> ‘மீள்வரைவு வீதம்’ பொருத்தமாக இருக்கும்.

அம்மா, பொருள் வகையில் இது ‘புதுப்பிப்பு’ என்பதைவிட எவ்வளவோ மேல். அதே படத்தைத் திரும்ப வரைவது என்பது இதில் வந்துவிடுகிறது. ஆனால் மின்னஞ்சலில் அனுப்பாமல் வைத்திருக்கும் மடல்களுக்கு ‘வரைவுகள்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அரசு ஆவணங்களிலும் ‘வரைவு அறிக்கை’. ‘மீள்வரைவு’ என்றால் திரும்ப எழுதிய வரைவறிக்கை என்றே படிக்கத் தோன்றுகிறது. ‘மறுதீட்டு’ என்று இன்னொருவர் சொன்னதில் ‘தீட்டு’ வேறு பொருளைக் கொண்டுவந்துவிடும். அதை நாம் எந்த வீட்டுத் திரையிலும் எழுத வேண்டாம்.

என் முன்மொழிவு ‘திரைத்துடிப்பு’.

துடிப்பு தானாக, விடாமல், ஒரு கணக்கோடு நடப்பது. படம் மாறினாலும் மாறாவிட்டாலும் நடக்கிறது. மின்னணுவியலிலும் இது பொருந்துகிறது: ஒவ்வொரு முறை திரை தொடங்கும்போதும் செங்குத்து ஒத்திசைவுக்கென ஒரு மின் துடிப்பு போகிறது, அதை எண்ணித்தான் 60 என்கிறோம், 144 என்கிறோம். நாடித்துடிப்பு 72 என்று சொல்லும்போது நாம் ‘வீதம்’ சேர்ப்பதில்லை. அதுபோல ‘திரைத்துடிப்பு: 144’ என்று எழுதலாம், அமைப்புப் பக்கத்தின் குறுகிய இடத்திலும் அடங்கும்.

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். அதிக எண் கொண்ட மானிட்டர் ‘உயர்துடிப்புத் திரை’. சட்டகம் வரும்வரை காத்திருந்து அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி ‘மாறுதுடிப்பு’. சில்லு அனுப்பும் சட்டகத்தைத் திரையின் கணக்கோடு பொருத்துவது ‘துடிப்பிசைவு’. சட்டகங்களின் எண்ணுக்கு நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ‘சட்டக வீதம்’ அப்படியே இருக்கட்டும். ஒன்றில் துடிப்பு, மற்றொன்றில் வீதம் என்று பார்த்ததுமே பிரிந்து நிற்கிறது. இதனால் உதவிக் குறிப்பில், “24 சட்டகப் படம் 60 துடிப்பில் சீராக விழாது, ஒரு சட்டகம் மூன்று துடிப்பு, அடுத்தது இரண்டு துடிப்பு நிற்கும். 120-இல் எல்லாம் ஐந்து, 144-இல் எல்லாம் ஆறு” என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுத முடிகிறது. வேறு எந்தச் சொல்லை வைத்தும் இந்த வாக்கியம் எனக்கு இவ்வளவு எளிதாக வரவில்லை.

ஒரு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். துடிப்பு என்றதும் கண்ணை உறுத்தும் மினுக்கம் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா? அந்த இடர் கொஞ்சம் உண்டு. பின்னொளி எரிந்து அணைவதால் வருவதை ‘மினுக்கம்’ என்றே எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் இரண்டும் விலகிவிடும். இப்போது சில கோப்புகளில் ‘சிமிட்டல்’, சிலவற்றில் ‘மினுமினுப்பு’ என்று கலந்து கிடக்கிறது. சொல் எதுவானாலும் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

‘விகிதம்’ என்று எழுதியிருக்கும் வரிகளையும் இதோடு மாற்றிவிடலாம். திரையின் அகல உயர ஒப்பீடு விகிதம், அது சரி. நொடிக்கு இத்தனை என்பது வீதம்.

கேடிஈ திரைப் பக்கத்துக்கான வரிகளை ‘திரைத்துடிப்பு’ வைத்து மொழிபெயர்த்து இணைத்திருக்கிறேன். சொல்லில் மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். அந்தச் சொல்லில் ‘உயர்’, ‘மாறு’ இரண்டும் சேர்த்து எப்படி வரும் என்பதையும் காட்டினால் ஒப்பிட வசதி. டைப்-சி பற்றிய குறிப்பை யாராவது தங்கள் லேப்டாப்பில் சரிபார்த்துச் சொன்னால் உதவி. ஞாயிறு இரவு வரை பார்த்துவிட்டுக் கோப்பை ஏற்றுகிறேன்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து